பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம், மெர்போக்: ஏற்றம் ஏறாமல் திரும்பாதீர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், செமிலிங் தோட்டத்து மக்களுக்கு இது பக்கத்து இடம்தான். ஆனாலும் பலர் கீழே உள்ள சண்டிகளோடு (பழைய கோயில்களின் எச்சங்கள்) படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முக்கியமானது மேலே இருக்கிறது.

கீழே பார்க்கும் பெண்டியாட், பெண்டாங் டாலாம் சண்டிகள் வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்து இங்கே அடுக்கப்பட்டவை. அழியாமல் காப்பாற்றியது நல்ல காரியம். ஆனால் அவை எந்த ஆற்றோரம் நின்றன என்று இங்கிருந்து தெரியாது. ஓடையை ஒட்டிய ஏற்றத்தில் நிற்கும் புக்கிட் பத்து பாஹாட் சண்டிதான் (8ஆம் தளம்) கட்டிய இடத்திலேயே இருக்கிறது. 1930களில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் தோண்டியது, 1960 வாக்கில் சீரமைக்கப்பட்டது. விமானம், மண்டபம் இரண்டுக்கும் கருங்கல் அடித்தளம். மண்டபத்தில் குனிந்து தூண் பீடங்களைப் பாருங்கள், நடுவில் குழி இருக்கும். மரத்தூண் நின்ற குழி அது. தூணும் கூரையும் மக்கிப்போய்க் கல் மட்டும் மிஞ்சியது. கோபுரத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் கல் பேழைகள், மணிகள், சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள். பழைய துறைமுகமான பெங்காலான் பூஜாங் மண்ணில் கிடைத்தவற்றை நிதானமாகப் பாருங்கள், அந்தத் துறைமுகம் எத்தனை நாட்டோடு பேசியது என்று புரியும்.

பிள்ளைகளிடம் 'எல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியது' என்று சொல்ல வேண்டாம். அவன் கடாரத்தின் (இன்றைய கெடா) மேல் படையெடுத்தது 1025. இந்த வட்டாரத்துப் பௌத்தக் கல்வெட்டுகள் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவை.

முடிந்தால் முதலில் சுங்கை பத்து அகழாய்வுத் தளத்துக்குப் போங்கள். செம்பனைக்கு நடுவே இரும்பு உருக்கிய தளங்கள், உலைக்குக் காற்று ஊதிய மண் குழாய்த் துண்டுகள், செங்கல் படகுத்துறை. ஆறு தடம் மாறிவிட்டதால் துறை இன்று தரையில் கிடக்கிறது. அங்கே உழைப்பையும் மெர்போக்கில் வழிபாட்டையும் பார்த்தால்தான் ஊர் முழுதாகும்.

மழைக்குப் பிறகு பாசியில் கால் வழுக்கும், பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிருங்கள்.

2013இல் 11ஆம் சண்டி நில மேம்பாட்டு வேலையில் இடிபட்டது. அதனால் தோட்டத்தில் கால்வாய் வெட்டும்போது பழைய செங்கல் வரிசை தெரிந்தால் வேலையை நிறுத்தி அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். பெயர்த்துக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். எந்த ஆழத்தில், எந்த மண்ணோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் காலத்தைக் கணிக்கிறார்கள்.