பிட்காயின் முழு நோடு: கையொப்பத்துக்கான இடத்தில் படங்கள்

பிட்காயின் பரிவர்த்தனைகளை வீட்டிலேயே சரிபார்க்கும் கணினி ஒன்று வைத்திருக்கிறேன்; அதைத்தான் முழு நோடு என்பார்கள். 500 ஜிபி டிஸ்க் நிரம்பி அது நின்றுபோனது. புது எஸ்எஸ்டி வாங்கி மாற்றியதைக் கேள்விப்பட்ட நண்பர், தானும் வீட்டில் ஒரு முழு நோடு வைக்கலாமா என்று கேட்டார்.

வைத்திருப்பதில் உள்ள சுகம் இதுதான்: எனக்குப் பணம் வந்ததா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அனுப்பியவரிடம் அந்தத் தொகை உண்மையில் இருக்கிறதா, முன்பே செலவாகிவிட்டதா, டிஜிட்டல் கையொப்பம் உரியவரின் பொதுச் சாவியோடு (கையொப்பத்தைச் சோதிக்க உதவும் எண்) பொருந்துகிறதா என்று மேசையிலுள்ள சின்னக் கணினியே பார்த்துவிடுகிறது. ஒரே ஒரு கையொப்பம் பிழையானாலும் முழு பிளாக்கையும், அதாவது பரிவர்த்தனைகளின் அந்தத் தொகுப்பையே, தள்ளிவிடும். கட்டணம் பெற்றுக்கொண்டு அதை உருவாக்கிய மைனர் எவ்வளவு பெரியவர் என்று பார்க்காது. நோடை இயக்கும் பிட்காயின் கோர் மென்பொருள் வழக்கமாகப் பழைய பிளாக்குகளின் கையொப்பங்களைச் சோதிக்காமல் கடந்துவிடும். புது டிஸ்கில் அந்தக் குறுக்குவழியை அடைத்து, 2009 முதல் அத்தனையையும் சோதிக்க வைத்தேன். நாள்கணக்கில் ஓடியது. முடிந்தபோது வந்த நிறைவு பெரிது.

ஆத்திரம் வேறு இடத்தில். 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த செக்விட் என்ற விதி மாற்றம், கையொப்பங்களைப் பிரித்துத் தனிப் பகுதியில் வைத்தது. கையொப்பத்தின் வடிவத்தை வழியில் யாரோ லேசாக மாற்றினாலே பரிவர்த்தனை எண் மாறிவிடும் தொல்லை, செக்விட் முகவரிகளுக்கு அதோடு ஒழிந்தது. அருமையான வேலை. ஆனால் கூடவே சலுகையும் கொடுத்தார்கள்: மற்ற தரவுக்கு பைட்டுக்கு 4 எடை (இடத்தையும் கட்டணத்தையும் கணக்கிடும் அளவு), இந்தப் பகுதிக்கு 1, பிளாக்கின் உச்சவரம்பு 40 லட்சம் எடை. 2021 நவம்பரில் டாப்ரூட் என்ற அடுத்த விதி மாற்றம் வந்து, அங்கே வைக்கும் ஸ்கிரிப்டுக்கு (செலவு நிபந்தனைகளைச் சொல்லும் சிறு நிரல்) இருந்த 10,000 பைட் வரம்பையும் எடுத்துவிட்டது. 2023 தொடக்கத்திலிருந்து அந்த மலிவான இடத்தில் படங்களைத் திணிக்கிறார்கள், ஸ்கிரிப்டில் ஒருபோதும் இயங்காத ஒரு நிபந்தனைக் கிளைக்குள் ஒளித்து! பணம் கைமாறுவதைச் சரிபார்க்க அவற்றில் ஒரு பைட்கூட உதவாது. கட்டணம் போவது மைனருக்கு, டிஸ்க் நிரம்புவது எனக்கு.

சலுகைக்கு நியாயமான காரணம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஒருமுறை சோதித்த கையொப்பம், நோடு எப்போதும் வைத்திருக்க வேண்டிய செலவாகாத தொகைகளின் பட்டியலில் இடம்பிடிப்பதில்லை. பழைய பிளாக்குகளை அழித்துக்கொண்டே ஓடும் புரூன் முறையில் சில பத்து ஜிபியே போதும். சரிபார்ப்பில் எந்தக் குறையும் வராது. என் வாலட்டுக்காக ஓடும் முகவரி அட்டவணைக்கு முழுத் தொகுப்பும் தேவை என்பதால் அந்த வழி எனக்கு இல்லை.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். டிஸ்க் விலை இன்னும் மனதில் உறுத்துகிறது. இந்த மாதம் யார் கேட்டாலும் அதே பதில்தான்.