கார்பன்-13 சோடியம் பால்மிட்டேட் 100 மி.கி. குப்பி: இதய ஆய்வுக்கு வாங்கலாமா?

உடலுக்கு வெளியே துடிக்கவைத்த எலி இதயம் கொழுப்பமிலத்தை எந்த அளவுக்கு எரிக்கிறது என்று அளக்க, கார்பன்-13 குறியிட்ட பால்மிட்டேட் (பால்மிட்டிக் என்ற கொழுப்பமிலத்தின் உப்பு) ஒரு நேரான தடங்காட்டி, அதாவது உடலில் எங்கே போகிறது என்று பின்தொடரக்கூடிய குறியிட்ட பொருள். அதன் 16 கார்பனும் கார்பன்-13, அதாவது சாதாரணக் கார்பனைவிட ஓர் அலகு கனமானது; கதிரியக்கம் இல்லை. தனி அமிலமாகவும் கிடைக்கும், ஆனால் அதைக் காரத்தில் கரைத்து உப்பாக்கும் வேலை கூடும். சோடியம் உப்பையே வாங்குங்கள்.

குப்பியில் போட்டிருக்கும் சதவீதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். அது ஒவ்வொரு கார்பனுக்குமான செறிவு. 98% என்றால் பதினாறு 0.98களை ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள்: முழுமையாகக் குறியிட்ட மூலக்கூறு 72% மட்டுமே. 99% என்றால் 85%. கொழுப்பமிலம் எரியும்போது உருவாகும் சிட்ரேட்டின் எம்+2 (இரண்டு கார்பன்-13 ஏறியதால் நிறை இரண்டு கூடிய வடிவம்) மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பெரிய இழப்பில்லை. இரண்டு கார்பன்தானே, 98%, 99% குப்பிகளுக்கு முறையே 96%, 98% என்றே வரும். பால்மிட்டேட் முழுதாக ஒட்டியிருக்கும் பால்மிட்டாயில் கார்னிட்டைனின் எம்+16ஐ அளப்பவர்கள் 99% குப்பியையே கேட்டு வாங்கவும்.

100 மி.கி. என்பது சுமார் 0.34 மில்லிமோல். 0.4 மில்லிமோலார் கரைசலாக்கினால் 850 மி.லி. வரும். பெருந்தமனி வழியே இதயத்துக்குக் கரைசல் செலுத்தும் லாங்கண்டார்ஃப் முறையில் நிமிடத்துக்கு 12 மி.லி. ஒருமுறை ஓடி வெளியேறினால், அரை மணி நேரக் கணக்கில் இரண்டு இதயத்துக்குத்தான் தாங்கும். 100 மி.லி. கரைசலைச் சுழலவிட்டால் எட்டு இதயம் வரை போகலாம்.

சோதனை பெரும்பாலும் கெடுவது, கொழுப்பமிலத்தைச் சுமக்கும் இரத்தப் புரதமான ஆல்புமினோடு சேர்க்கும் இடத்தில். கால்சியம் கலந்த கிரெப்ஸ் கரைசலில் (இதயத்துக்குள் செலுத்தும் உப்புக் கரைசல்) உப்பை நேரே போட்டால் கால்சியம் சோப்பாகித் திரிந்துவிடும். 100 மி.லி.க்கு 12 மி.கி. உப்பை 5 மி.லி. வெறும் நீரில், 70 டிகிரியில், தெளியும்வரை கரைக்கவும். கொழுப்பமிலம் நீக்கிய மாட்டு ஆல்புமின் 3 கிராமைக் கால்சியம் இல்லாத கிரெப்ஸில் கரைத்து, 40 டிகிரியில் கலக்கியபடியே அதில் பால்மிட்டேட் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும். ஆல்புமின் ஆறியிருந்தால் வெள்ளையாகக் கலங்கும். அந்தக் கரைசலைக் கீழே ஊற்றிவிட வேண்டியதுதான், வடிகட்டி மீட்டால் செறிவு தெரியாமல் போகும். பிறகு கரைசலைச் சவ்வுப் பையில் கட்டி, கால்சியம் உள்ள கிரெப்ஸில் இரவு முழுதும் டயாலிசிஸ். ஆல்புமின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் இந்தப் படியைத் தவிர்த்தால் இதயத்தின் சுருக்கம் தளரும்.

வாயுவைக் கரைசலுக்குள் குமிழியிடக் கூடாது, நுரை பொங்கும். 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடை மெல்லிய சிலிக்கோன் குழாய் வழியே ஊடுருவ விடுங்கள்.

ஆல்புமினில் ஒட்டியிருக்கும் சாதாரணப் பால்மிட்டேட் குறியீட்டை நீர்த்துப்போகச் செய்யும். எனவே இதயத்துக்குள் போகும் கரைசலை மெத்தில் எஸ்டராக்கி ஜிசி-எம்எஸ்ஸில் (வாயுவாக்கிப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) குறியிட்டதன் நிறையான 286க்கும் சாதாரணமானதன் 270க்கும் உள்ள விகிதம் பாருங்கள். கணக்கில் போட வேண்டியது அந்த எண், குப்பி எண் அல்ல.

கூடவே 5.5 மில்லிமோலார் குளுக்கோஸ் சேர்த்தால் அது குறியிடாததாக இருக்கட்டும். பால்மிட்டேட்டைப் போலவே ஆறு கார்பனும் குறியிட்ட குளுக்கோஸும், எரியும் வழியில் வரும் இரண்டு கார்பன் துண்டான அசிட்டைல்-கோஏவின் எம்+2ஐத்தான் தரும், எது எங்கிருந்து வந்தது என்று நிறைமானியில் (நிறையை அளக்கும் கருவி) பிரிக்க முடியாது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பார்த்தாக வேண்டுமென்றால் 1,6 இடங்களில் மட்டும் குறியிட்ட குளுக்கோஸோடு என்எம்ஆருக்கு (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) போங்கள்; அசிட்டைல்-கோஏவின் கார்பன் வந்துசேரும் குளுட்டமேட்டின் நான்காம் கார்பனில், குளுக்கோஸுக்கு ஒற்றைக் கோடும் பால்மிட்டேட்டுக்கு இரட்டைக் கோடும் தனித்தனியே தெரியும்.