இடைவெளி வெட்டும் பட்டன்: ஒரு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒரு வருடமாக நான் பயன்படுத்தும் வீடியோ எடிட்டிங் ஆப் அதன் சந்தாவைக் குறைத்ததிலிருந்து "இந்த ஆப்பை எடுக்கலாமா?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. 4கே எக்ஸ்போர்ட், 9:16 ஃப்ரேம், கேப்ஷன் எல்லாம் எந்த ஆப்பிலும் கிடைக்கும், அதைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஷார்ட்ஸும் ரீல்ஸும் வெட்டுகிறவர்கள் இதற்குக் காசு கொடுப்பது ஒரே ஒரு பட்டனுக்காக. பேச்சுக்கு நடுவே வரும் இடைவெளிகளைத் தானாக வெட்டித் தரும் பட்டன் அது. திட்டப்போவதும் அதைத்தான்.

முதலில் நியாயம். மூன்று நிமிடம் பேசிய க்ளிப்பில் அறுபது எழுபது இடத்தில் மூச்சும் தயக்கமும் இருக்கும். கையால் வெட்டினால் அரை மணி நேரம் போய்விடும், அதுவும் காது பழகியவருக்கு. இது சில நொடிகளில் முடிக்கிறது. வெட்டிய பகுதியைத் தூக்கி எறிவதும் இல்லை; க்ளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் விழுங்கிய ஒலி திரும்ப வந்துவிடும். இந்த ஒரு குணத்துக்காகவே பல நாள் மன்னிக்கலாம்.

கோளாறு எல்லாம் அதோடு வரும் அளவுகளில். ஒலி மைனஸ் 30 டெசிபலுக்குக் கீழே போனால் மௌனம், அது 0.1 நொடி நீடித்தால் வெட்டு, பேடிங் (பேச்சுக்கு முன்னும் பின்னும் வெட்டாமல் விட்டுவைக்கும் நேரம்) பூஜ்யம். தமிழுக்கு இது ஆகவே ஆகாது. 'பாட்டி' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். 'ட்' வரும் இடத்தில் நாக்கு மேலே ஒட்டிக் காற்றை அடைத்துவிடுகிறது. அந்த நேரம் மைக்கில் ஒன்றுமே பதிவாகாது, அது 0.1 நொடியைச் சுலபமாகத் தாண்டும். ஆப்புக்கு அது இடைவெளி. கத்தரித்து ஒட்டியதும் பாட்டி ஏறக்குறைய 'பாடி' ஆகிவிடுகிறாள். பக்கம், கத்தி, அப்பா எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வாக்கியக் கடைசியில் குற்றியலுகரம் வேறு: 'வந்துச்சு', 'அதுக்கு' என்று தேய்ந்து முடியும் அந்த உகரம் மைனஸ் 30-க்குக் கீழே இறங்கியதும் வால் அறுந்து போகும். கேட்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஏதோ இடிக்கிறது என்று தோன்றும், விரல் ஸ்வைப் செய்துவிடும்.

சரிசெய்ய வழி இருக்கிறது. குறைந்தபட்ச இடைவெளியை 0.35 நொடிக்கு ஏற்றுங்கள். பேடிங் முன்னால் 0.08, பின்னால் 0.15, சொல் சட்டென்று தொடங்கும், மெல்லத்தான் முடியும், அதனால் பின்பக்கம் அதிகம் வேண்டும். நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் 0.15 என்பது நாலரை ஃப்ரேம்தான், வேகம் குறைந்ததாகத் தெரியாது. டெசிபலுக்கு மட்டும் பொது எண் கிடையாது. யாரும் பேசாத இடத்தில் ஆடியோ மீட்டர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதைவிட 6 டெசிபல் மேலே வையுங்கள். ஃபேன் சத்தம் மைனஸ் 38-இல் இருக்கும்போது அளவை மைனஸ் 40-இல் வைத்தால் ஆப்புக்கு மௌனமே அகப்படாது, ஒரு வெட்டும் விழாது. வெட்டிய இடங்களில் 'டப்' என்று கேட்டால் இரண்டு ஃப்ரேம் ஆடியோ க்ராஸ்ஃபேட் (ஒரு ஒலி தேயத் தேய அடுத்தது ஏறுவது) போதும்.

இவ்வளவையும் ஒருமுறை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால், அங்கேதான் வயிறு எரிகிறது. அடுத்த ப்ராஜெக்டைத் திறந்ததும் எல்லாம் பழைய எண்ணுக்கே போய்விடும். சேமித்து வைக்க ப்ரீசெட் கிடையாது. எண்ணைத் தட்டச்சு செய்யவும் முடியாது; ஸ்லைடரை விரலால் தள்ள வேண்டும், 0.35 கேட்டால் 0.33-இல் நிற்கும், அல்லது 0.38-இல். ஒரு வருடத்தில் எத்தனையோ அப்டேட் வந்தன. ஸ்டிக்கர் வந்தது, மினுமினுக்கும் எழுத்து வந்தது. ஸ்லைடருக்கு நினைவு வரவில்லை. சந்தா புதுப்பிக்கும் தேதி மட்டும் அதற்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்று, இது ஆப்பின் தப்பு இல்லை, பயன்படுத்துகிறவர்களின் பேராசை. எல்லா இடைவெளியையும் எடுத்தால் பார்வையாளர் நிற்பார் என்பது பாதி உண்மை. "ஏன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அரை நொடி விடுவதுதான் அவரைப் பிடித்து வைக்கிறது. பட்டனுக்கு அது தெரியாது, அதையும் வெட்டும். அந்த இடத்தைத் தனி க்ளிப்பாகப் பிரித்து ஒதுக்கிவிட்டு மீதியில் பட்டனை ஓட்டுங்கள். வெட்டு விழும் இடத்தில் தலை துள்ளுவதை மறைக்க 110 சதவீதம் ஜூம் உதவும். 4கே-யில் எடுத்து 1080-இல் வெளியிட்டால் தெளிவும் குறையாது. ஆனால் வெட்டுக்கு வெட்டு ஜூம் வைத்தால் ஊஞ்சல் ஆடுவது போல இருக்கும். கருத்து மாறும் இடத்தில் மட்டும் போதும். முதல் ஃப்ரேமைக் கையாலேயே ட்ரிம் செய்யுங்கள், வாய் திறந்திருக்கும் நிலையில் வீடியோ தொடங்க வேண்டும். கடைசியில் "நன்றி, வணக்கம்" வந்தால் ரிடென்ஷன் கோடு (எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் கோடு) அங்கேயே சரியும், எடுத்துவிடுங்கள்.

போன் வீடியோவில் ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது, ஏறி இறங்கும். உதடும் ஒலியும் விலகினால் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் 30-க்கு (மாறாத 30 ஃப்ரேமுக்கு) மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

எடிட்டிங் பலித்ததா என்று வியூஸ் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. யூடியூப் ஸ்டுடியோவில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் ஸ்வைப் செய்தார்கள் என்ற விகிதமும் ரிடென்ஷன் கோடும்தான் உண்மையைச் சொல்லும்.

சரி, எடுக்கலாமா? கையால் வெட்டும் காலத்துக்குத் திரும்பிப் போகும் எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் பதில் வேண்டாம் என்பதுதான். ஸ்லைடரை மாற்ற மறந்ததில் இப்போதுதான் ஒரு பாட்டி 'பாடி'யாகி எக்ஸ்போர்ட் ஆகியிருக்கிறாள். நாளைக்குக் கேட்டுப் பாருங்கள்.