கிழக்குக் காடுகளில் ஆர்.வி. நிறுத்த இடம்: ஆப்பா, வரைபடமா, ரேஞ்சர் ஆபீஸா?

அமெரிக்காவின் மேற்கில் ஆர்.வி.யில், அதாவது படுத்துத் தங்க வசதியுள்ள வண்டியில், சுற்றிப் பழகியவர்கள் கிழக்கே வந்ததும் காட்டில் இலவசமாக நிறுத்தித் தங்க இடம் தேடுவதில்தான் திணறுகிறார்கள். அங்கே பி.எல்.எம். என்ற மத்திய அரசு நிலத்துறையின் பொது நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. இங்கே அது அநேகமாக இல்லை. கிழக்கின் தேசியக் காடுகளில் பெரும்பாலானவை 1911-இன் வீக்ஸ் சட்டத்துக்குப் பிறகு தனியாரிடமிருந்து அரசு விலைக்கு வாங்கியவை. அதனால் காடு துண்டு துண்டாக இருக்கும். நடுநடுவே யாரோ ஒருவரின் வீடும் வயலும் வரும்.

தங்கிய இடங்களைப் பயணிகளே குறித்து வைக்கும் ஐஓவர்லேண்டர், கேம்பெண்டியம் மாதிரி ஆப்கள்தான் சுலபம். படம் இருக்கும், எவ்வளவு பெரிய வண்டி போனது, சிக்னல் எப்படி என்றும் எழுதியிருப்பார்கள். ஆனால் இடத்தைக் காட்ட ஆப்பில் குத்தியிருக்கும் பின்னை நம்மைப் போலவே ஊரே பார்க்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் இடம் கிடைப்பது சந்தேகம்தான். பழைய குறிப்புகளும் காலை வாரும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் பிஸ்கா காட்டுச் சாலைகளை அரித்துப்போட்டது; அங்கே அதற்கு முன் குத்திய பின்களை நான் நம்புவதில்லை.

வனத்துறை இலவசமாகத் தரும் மோட்டார் வாகன வரைபடம், அதாவது எம்.வி.யு.எம்., பார்க்க ஒரு அழகும் இல்லாத கறுப்பு வெள்ளைத் தாள். மேடு பள்ளம்கூடக் காட்டாது. ஆனால் எந்தச் சாலையில் எந்த மாதம் வண்டி போகலாம் என்பதற்கு அதுதான் சட்டம். சாலைக் கோட்டின் ஓரமாகப் புள்ளி வரிசை இருந்தால், அங்கே சாலையை விட்டு இறங்கி நிறுத்தித் தங்கலாம். எத்தனை அடி தள்ளி என்பது காட்டுக்குக் காடு மாறும். அவென்சா என்ற வரைபட ஆப்பில் இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டும்.

கிளை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, வண்டியைத் திருப்ப இடம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்காது. மேற்கில் இந்தக் குறையைச் சாட்டிலைட் படம் தீர்த்துவிடும். இங்கே கோடையில் மேலிருந்து பார்த்தால் இலை மட்டும்தான். கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் புரட்டி, இலை உதிர்ந்த மாதத்தில் எடுத்ததைத் தேடினால் சாலையோரத் திறப்புகள் தெரியும். (அதே இலைதான் சோலார் பேனலையும் முடக்கும். அரிசோனாவில் தாராளமாக இருந்த பேனல் இங்கே ஜூலையில் பத்தாது.)

ரேஞ்சர் ஆபீஸுக்கு, அதாவது அந்தக் காட்டைக் கவனிக்கும் வனத்துறை அலுவலகத்துக்கு, போன் போடுவதை யாரும் சீண்டுவதில்லை. ஆபீஸ் நேரத்தில்தான் எடுப்பார்கள், அது தொல்லைதான். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்டால் ஆப்பில் இல்லாத இடமும் கிடைக்கும். ‘எங்கே தங்கலாம்’ என்றால் கட்டணம் வாங்கும் கேம்ப்கிரவுண்டைச் சொல்லிவிடுவார்கள். வண்டியின் நீளம், உயரத்தைச் சொல்லிவிட்டு, வேட்டை சீசனில் வருபவர்கள் டிரெய்லரை எங்கே நிறுத்துவார்கள் என்று கேளுங்கள்.

என் ஓட்டு வரைபடத்துக்கும் போனுக்கும். ஆப்பைக் கடைசியில் திறப்பேன், எங்கே கூட்டம் என்று பார்க்க. 30 அடி டிரெய்லர் என்றால் மட்டும் தேடல் விளையாட்டே வேண்டாம். மேற்கு வர்ஜீனியாவின் மோனாங்கஹேலா காட்டில் கேண்டி ஓடையை ஒட்டியுள்ள சாலையோர இடங்கள் போல, ஏற்கெனவே வண்டிகள் நின்று பழகிய இடமாகப் போங்கள். சின்ன வேன்காரர்களுக்கு நியூயார்க்கின் அடிரான்டாக்கில் மூஸ் ரிவர் பிளெயின்ஸ் இருக்கிறது. மண் சாலை, இலவசம். மூன்று இரவுக்கு மேல் தங்குவதாக இருந்தால் அங்குள்ள வன ரேஞ்சரிடம் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.