5கே ஐமேக், புது எம்4 ஐமேக், டவர் பிசி: கேம் ஆட எது தாங்கும்?

நோம்பிக்கு வந்த அக்கா பையன் என் மேசை மேல இருக்கிற 27 இஞ்ச் ஐமேக்கை (ஸ்க்ரீனுக்குள்ளயே மொத்த கம்ப்யூட்டரும் இருக்கிற ஆப்பிள் மெசின்) பார்த்துட்டு, "ஏனுங் மாமா, இது 5கே ஸ்க்ரீனாம்ல, இதுல கேம் ஆடுனா பிச்சுக்குமுங்களா, உங்களுக்கு வேண்டாம்னா எனக்கு குடுத்துருங்க"ன்னு ஆரம்பிச்சான். காலேஜ் ரெண்டாவது வருசம் படிக்கிறான், சாமியாட்டம் ஸ்க்ரீனையே பார்த்துட்டு நிக்கிறான். நான் சொன்னேன், மாப்ள, தோட்டத்துல தொட்டியை பெருசா கட்டிட்டா தண்ணி தானா நெம்பிருமா, அதே மோட்டார்தான் நெப்போணும், தொட்டி பெருசாக பெருசாக மோட்டாருக்குத்தான் திண்டாட்டம். அவனுக்கு சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா எங்க சொந்தத்துலயே மூணு வகை மெசினும் இருக்குது, மூணுலயும் உக்காந்து ஆடியும் பார்த்தாச்சு.

என்னோடது 2017 மாடல், ரேடியான் ப்ரோ 580 கிராஃபிக்ஸ் சிப் (கேம் படத்தை வரையறது இதுதான், கார்டு, ஜிபியுன்னும் சொல்லுவாங்க), அதுக்குன்னு தனியா 8 ஜிபி மெமரி, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. திருப்பூர்ல பனியனுக்கு பிரிண்ட் டிசைன் போடற வேலை, அதுக்காக வாங்குனேன், கேமுக்காக இல்லை. மச்சான் கோயமுத்தூர் சரவணம்பட்டில இருக்கான், ஐடி வேலை, அவன்கிட்ட 24 இஞ்ச் எம்4 ஐமேக் (எம்4ங்கறது ஆப்பிளோட சொந்த சிப், பழசுல இன்டெல் சிப்), பச்சை கலர்ல. மூணாவது ஈரோட்டுல சித்தப்பா பையன், அவன் அசெம்பிள் பண்ணுன டவர், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 27 இஞ்ச் 1440பி மானிட்டர், 165 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 165 தடவை படம் மாறும்.

முதல்ல புள்ளி கணக்கை சொல்லிடறேன், மத்ததெல்லாம் இதுலதான் நிக்குது. சாதாரண 1080பி ஸ்க்ரீன்ல மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரம் பிக்சல், அதாவது புள்ளி. 1440பின்னா 36 லட்சத்து 86 ஆயிரம். 4கே 83 லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி. என்னோட 5கே, அதாவது 5120க்கு 2880, ஒரு கோடியே 47 லட்சம். மச்சானோட ஐமேக் 4.5கே, அது கிட்டத்தட்ட 1 கோடியே 13 லட்சம். கேம்ல ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அத்தனை புள்ளிக்கும் கலர் கணக்கு போடோணும், செகண்டுக்கு 60 தடவை. 1080பிக்கு தோதான கார்டை கொண்டாந்து 5கேல மாட்டுனா ஏழு மடங்குக்கு மேல வேலை, கார்டு என்னங்க பண்ணும்.

அதனால ஜிடிஏ 5ஐ என் மெசின்ல முழு 5கேல வெச்சு ஆடுனா படம் பார்க்க சிலை மாதிரி இருக்கும், ஓடறதும் சிலை மாதிரியேதான். கார் திரும்பறதுக்குள்ள செவுத்துல முட்டிருவோம். ஆனா 2560க்கு 1440ன்னு வெச்சா சும்மா ஜம்முனு போகுது, செட்டிங் ஹைலயே.

இங்கதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. 5கேல ஓடலைன்னதும் நேரா 1080பிக்கு எறக்கிடறாங்க, அப்பறம் மொகமெல்லாம் மசமசன்னு இருக்குதுன்னு புலம்பறாங்க. 5120ஐ 2560ஆல வகுத்தா கரெக்டா ரெண்டு, ஒரு கேம் புள்ளி ஸ்க்ரீன்ல ரெண்டுக்கு ரெண்டு நாலு புள்ளியா உக்கார தோது இருக்குது. 1920ஆல வகுத்துப் பாருங்க, ரெண்டே முக்காலுக்கு பக்கத்துல வருது, புள்ளி புள்ளி மேல பொருந்தாம பக்கத்து புள்ளியோட கலந்துக்கும், அந்த மசமசப்பு அதுதான். அதனால 5கேக்கு 1440பி, மச்சானோட 4.5கேக்கு 2240க்கு 1260, வீட்ல 4கே ஸ்க்ரீன் இருந்தா அதுக்கு 1080பி, இதுதான் சரியான பாதி. எழுத்து கூட அந்தளவுக்கு மசமசக்காது.

இன்னொரு கள்ளத்தனம் இருக்குதுங்க. கேம்ல பார்டர்லெஸ்னு ஒரு மோடு வரும், அதை போட்டுட்டு நாம 1440பின்னு நெனைச்சுட்டு இருப்போம், அது கம்முனு டெஸ்க்டாப்போட முழு 5கேலயே ஓடிட்டு இருக்கும். நான் ரெண்டு நாள் மண்டையை ஒடைச்சுட்டு, டிரைவரை எல்லாம் அழிச்சு திரும்ப போட்டு, கடைசில ஒத்த செட்டிங், ஃபுல்ஸ்க்ரீன்னு மாத்துனதும் சரியா போச்சு.

எம்4 எப்படின்னா, வேகத்துல குறை சொல்ல முடியாது. மச்சானோடது 10 கோர் ஜிபியு, 16 ஜிபி மெமரி, கேம் ஆடறப்ப சத்தமே இல்லை, காதை பக்கத்துல கொண்டுபோனாத்தான் ஃபேன் சுத்தறது தெரியும், என்னோடது பதினைஞ்சு நிமிசத்துல மாவு மில்லு ஆயிரும். பால்டர்ஸ் கேட் 3 அவன் ஆடிட்டு இருந்தான், பார்க்கவே ஆசையா இருந்துச்சு. சைபர்பங்க் 2077 கூட 2025 ஜூலைல மேக்குக்கு வந்துருச்சு, மெட்டல்எஃப்எக்ஸ்னு ஒண்ணு இருக்குது, கம்மி ரெசல்யூசன்ல வரைஞ்சு பெருசா காட்டற வித்தை, அதை போட்டு ஓட்டலாம்.

ஆனா பிரச்சனை வேகம் இல்லைங்க, கேமே இல்லாதது. வேலரண்ட் மேக்ல கிடையாது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கிடையாது, பழைய கவுன்டர் ஸ்ட்ரைக் மேக்ல இருந்துச்சு, 2023ல புதுசு வந்ததோட மேக்கை கழட்டி விட்டுட்டாங்க. ஜிடிஏ 5 நேரடியா கிடையாது. நம்ம பசங்க ஆடற கிரிக்கெட் 24ம் மேக்குக்கு வரலை. இன்டெல் மேக்ல பூட் கேம்ப்னு ஒண்ணு இருந்துச்சு, விண்டோஸை தனியா போட்டு நேரா பூட் பண்ணிக்கலாம், எம் சீரிஸ் சிப் வந்ததுல இருந்து அது போயே போச்சு. இதுல பழைய 32 பிட் கேமெல்லாம் 2019ல வந்த கேட்டலினாங்கற மேக்ஓஎஸ்லயே செத்துப் போச்சு. ஆக, ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல (2024ல வந்தப்ப இந்தியாவுல ஆரம்ப விலை 1,34,900னு போட்டு விட்டாங்க) முட்டுவழி போட்டு வாங்கி, ஃபிரண்ட்ஸ் எல்லாம் ராத்திரி வேலரண்ட் ஆடறப்ப மச்சான் மட்டும் வேடிக்கை பார்த்துட்டு உக்காந்திருக்கான்.

அப்ப பூட் கேம்ப் இருக்கிற என் மெசின் ஜெயிச்சுதான்னு கேட்டா, பாதிதான் ஜெயிச்சுது. 2017 மாடல் பிராசசர் விண்டோஸ் 11க்கு லிஸ்ட்லயே இல்லை, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. மேக் பக்கம் பார்த்தாலும் வென்ச்சுராங்கற பழைய மேக்ஓஎஸ் வரைக்கும்தான். அப்பறம் இன்னொண்ணு, ஃப்யூசன் டிரைவ் (சின்ன எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒண்ணா சேர்த்தது) இருக்கிற மாடலை வாங்கிறாதீங்க, விண்டோஸ் பார்ட்டிஷன் போய் அதுல இருக்கிற ஹார்ட் டிஸ்க் பக்கம்தான் உக்காரும், கேம் லோட் ஆகறதுக்குள்ள ஒரு டம்ளர் டீயை குடிச்சு டம்ளரை கழுவியும் வெச்சரலாம். நான் கேமையெல்லாம் வெளிய ஒரு எஸ்எஸ்டில வெச்சிருக்கேன்.

இனிமே சொல்றது எந்த ரிவ்யூலயும் வராது, ஏன்னா அவங்க யாரும் திருப்பூர்ல பனியன் கம்பெனி சந்துல குடியிருக்கலை. எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி கட்டிங் யூனிட், பொழுதுக்கும் பஞ்சு பறக்கும், துணி காயப்போட்டா கூட ஒட்டிக்கும். ஐமேக் அடியில ஓரமா சின்ன சின்ன துளை வரிசையா இருக்கும், காத்தை அங்கதான் உறிஞ்சும், பின்னாடி ஸ்டாண்டுக்கு மேல வழியா சூட்டை வெளிய தள்ளும். ரெண்டு வருசத்துல கேம் ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிசம் ஃபேன் கத்த ஆரம்பிச்சு, பத்தாவது நிமிசம் கேம் தந்தியடிக்க ஆரம்பிச்சுருச்சு. சூடு தாங்காம சிப் தன் வேகத்தை தானே கொறைச்சுக்குது.

சரி தொறந்து பார்க்கலாம்னா, ஸ்க்ரூவே கிடையாது, 2012 கடைசில வந்த ஒல்லி மாடல்ல இருந்தே ஸ்க்ரீனை பசை டேப் போட்டு ஒட்டியிருக்காங்க. ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டு போனேன். அந்த பையன் சின்ன பிளாஸ்டிக் சக்கரத்தை ஓரத்துல விட்டு பப்படம் மாதிரி சுத்தி அறுத்து, கண்ணாடியை மெதுவா தூக்குனான், உள்ள பார்த்தா சிப்போட சூட்டை இழுக்கற ஹீட் சிங்க் மேல பஞ்சு படிஞ்சு கம்பளி துணி மாதிரி நிக்குது, விரல்ல பிடிச்சு இழுத்தா ஒரே பாளமா உரிஞ்சு வருது, அதுல சிவப்பு நூல், நீல நூல், அந்த வருச ஆர்டர் கலர் பூராவும் அதுல இருந்துச்சு. சுத்தம் பண்ணி திரும்ப ஒட்டுனான், ஆனா கீழ் மூலையில டேப் சரியா உக்காரலை, சித்திரை வெயிலுக்கு அந்த மூலை ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவுக்கு தூக்கிக்கும். கேட்டா "ஒண்ணும் ஆகாதுங்கண்ணா"ங்கறான். நான் அதுமேல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கேன்.

இதையே ஈரோட்டு பையன் டவர்ல பாருங்க. சைடு பலகையை கழட்டி, ஏர் கம்ப்ரஸர்ல (அவங்கப்பா வச்சிருக்கிறது டயர் பஞ்சர் கடை) ஒரு ஊது, அவ்ளோதான், ஆனா ஃபேனை விரல்ல புடிச்சுக்கோணும், இல்லாட்டி வெறிபுடிச்ச மாதிரி சுத்தி வீணாப் போயிரும். ஈரோட்டு வெயிலை பத்தி சொல்ல வேண்டியதில்லை, ஏசி இல்லாத ரூம்லதான் ஆடறான், ரூமே அடுப்பு ஆயிருது, ஆனா கார்டு தாங்குது. 4060 கார்டு 115 வாட்ஸ்தான் இழுக்குது. 1440பி மானிட்டர்ல அது புள்ளிக்கு புள்ளி நேட்டிவா ஓடுது, பாதி, கால்னு கணக்கே வேண்டாம். அதோட 165 ஹெர்ட்ஸ், ஐமேக் ரெண்டுமே 60 ஹெர்ட்ஸ்தான். சுட்டு ஆடற கேம்ல அந்த வித்தியாசத்தை ஒரு தடவை பார்த்துட்டா திரும்பி என் மெசின்ல உக்காரவே மனசு வரலைங்க, மவுஸ் தண்ணிக்குள்ள இழுக்கற மாதிரி இருக்குது. மொத்தமா மானிட்டரோட சேர்த்து அவனுக்கு ஒரு லட்சத்துக்குள்ளதான் ஆச்சு, நாளைக்கு கார்டு பத்தலைன்னா கார்டை மட்டும் மாத்திக்குவான். ஐமேக்ல ஜிபியு போர்டோட சேர்த்து பத்த வெச்சது.

ஆனா அந்த மானிட்டர்ல டிசைன் வேலை பார்க்க சொன்னா நான் ஓடிருவேன். அஞ்சு கலர் பிரிண்ட்டுக்கு ஒரு ரோஜா வரைஞ்சு பெருசு பண்ணி பார்த்தா கோடெல்லாம் படிக்கட்டா தெரியுது. 5கேல அது பேப்பர்ல அச்சடிச்ச மாதிரி இருக்கும், அதுக்காகத்தான் இந்த மெசினை இன்னும் வெச்சிருக்கேன்.

கரண்ட் பத்தி ஒரு வரி. எம்4ஓட அடாப்டரே 143 வாட்தான், சின்ன யுபிஎஸ் போதும், டவருக்கு நல்ல யுபிஎஸ் வேணும், அந்த செலவையும் சேர்த்து கணக்கு போடுங்க. அப்பறம் ஆப்பிள் குடுக்கற மவுஸ்ல கேம் ஆட முடியாது, வலது பட்டனை அமுக்கி குறி வெச்சுட்டே இடதை அமுக்குனா அதுக்கு புரியாது. எட்டுநூறு ரூபா மவுஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க.

கடைசில அக்கா பையன் கேட்டது, "கேமை விடுங்க மாமா, நீங்க புதுசு வாங்குனீங்கன்னா இந்த ஸ்க்ரீனை மட்டும் நான் லேப்டாப்புக்கு மானிட்டரா போட்டுக்கறேன்". அதுவும் சும்மா கேபிள் சொருகுனா நடக்காது மாப்ள, 2014ல 5கே வந்தப்பவே வெளிய இருந்து கேபிள் சொருகி மானிட்டரா யூஸ் பண்ற வசதியை எடுத்துட்டாங்க, உள்ள போர்டு செத்தா அவ்ளோ அருமையான கண்ணாடியும் சேர்ந்து செத்த மாதிரிதான். மொகம் தொங்கிருச்சு பாவம். நேரா ஈரோட்டுக்கு போன் போட்டு, அண்ணா அந்த டவர் பார்ட்ஸ் எல்லாம் எங்க வாங்குனீங்கன்னு லிஸ்ட் எழுத ஆரம்பிச்சுட்டான், மானிட்டர் மட்டும் 1440பில வாங்குடான்னு நான் பக்கத்துல இருந்து கத்துனேன், அவன் 4கேன்னு எழுதிட்டு இருந்தான்.