தாம்பரம் முதல் நாகர்கோவில் வரை: எலெக்ட்ரிக் காரில் ஊருக்குப் போய்வரும் கணக்கு

2022-ல் வாங்கிய நெக்ஸான் இவி மேக்ஸ் இது. பேட்டரி 40.5 யூனிட். பொங்கல், கோடை விடுமுறை, சொந்தத்தில் கல்யாணம், கோயில் கொடை என்று அத்தனைக்கும் தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இதில்தான் போய்வருகிறோம். ஒரு வழி ஏறக்குறைய 680 கிலோமீட்டர். கூடவே அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். திரும்பி வரும்போது டிக்கி நிறையத் தேங்காயும் நேந்திரங்காய் சிப்ஸும். தெற்கே சொந்த ஊர் வைத்துக்கொண்டு, எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு உபயோகப்படும் என்று இதை எழுதுகிறேன்.

ரேஞ்ச் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சோதனைக்கூடச் சான்றிதழில் 437 கிலோமீட்டர். நாலு வழிச்சாலையில் ஐந்து பேரோடு, ஏசி போட்டு, 80-85 வேகத்தில் போனால் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் கிடைக்கிறது. அப்படியென்றால் முழு பேட்டரிக்கு 260. ஆனால் நூறிலிருந்து பூஜ்யம் வரை யாரும் ஓட்டப்போவதில்லை. சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டினால் ஏறும் வேகம் குறைய ஆரம்பிக்கும். அதனால் வழியில் 85 சதவீதத்தில் கன்னை (காரில் செருகும் சார்ஜர் முனையை)க் கழற்றி, 20-ல் அடுத்த சார்ஜரைப் பிடிப்பதுதான் நடைமுறை. அந்த 65 சதவீதத்துக்கு வருவது 170 கிலோமீட்டர். ஊருக்குப் போகும் திட்டத்தை இந்த 170-ஐ வைத்துப் போடுங்கள், 437-ஐ மறந்துவிடுங்கள்.

எங்கள் வழியில் இது உளுந்தூர்பேட்டை, விராலிமலை, விருதுநகர் என்று மூன்று நிறுத்தங்களாக விழுகிறது. ஒவ்வொன்றிலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். விருதுநகரில் மட்டும் 90 வரை ஏற்றிக்கொள்வோம், அங்கிருந்து வீடு 190 கிலோமீட்டர். வீட்டில் பிளக் இருப்பதால் 15 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தாலும் கவலை இல்லை. காலை 4 மணிக்குக் கிளம்பினால் மாலை 6-க்குள் வீடு. பெட்ரோல் காரைவிட ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடுதல்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தாக வேண்டும் என்பதால் பழைய பெட்ரோல் காரிலும் இந்த அளவு நின்றுதான் போனோம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும்போது, அது ஓடவில்லை என்றால் அடுத்தது எங்கே என்பதைச் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். 20 சதவீதம் என்றால் கையில் 8 யூனிட், அதாவது 50 கிலோமீட்டர். அந்த 50 கிலோமீட்டருக்குள் வேறு ஒரு நிறுவனத்தின் சார்ஜர் இருந்தால் மட்டுமே முதல் இடத்தை நம்பிப் போவேன். 'வேறு நிறுவனம்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் சர்வர் படுத்துவிட்டால் அதன் சார்ஜர்கள் எல்லாமே சேர்ந்து படுத்துவிடும், பத்து கிலோமீட்டர் தள்ளி அதே பெயரில் இன்னொன்று இருந்து பயனில்லை.

நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம், அதுவும் சாலையின் இருபுறமும் இருக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2018-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த 'இருபுறமும்' எவ்வளவு முக்கியம் என்பது ஓட்டினால்தான் புரியும். மேப்பில் பார்த்தால் சார்ஜர் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கச் சாலையில் இருக்கும். அடுத்த பாலம் வரை போய், திரும்பி வந்து, சார்ஜ் போட்டு, மறுபடி முந்தைய பாலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதனால் தெற்கே போக ஒரு பட்டியல், வடக்கே வர ஒரு பட்டியல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு, சார்ஜர் இருக்கும் இடங்களைக் காட்டும் ஆப்பான பிளக்‌ஷேரில் ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக யார், எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று பார்ப்பேன். நட்சத்திர மதிப்பெண்ணைவிட அந்தத் தேதிதான் பேசும். நேற்று ஒருவர் போட்டிருந்தால் நம்பலாம், கடைசிப் பதிவு மாதக்கணக்கில் பழையது என்றால் வேண்டாம். நானும் ஒவ்வொரு இடத்திலும் சார்ஜ் போட்டதைப் பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்புவேன். பின்னால் வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அப்புறம் இன்னொன்று: செய்தித்தாளில் 'நாளைய மின்தடை' என்று ஊர்ப்பெயர்கள் வருமே, அதையும் பார்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். ஒருமுறை மதுரை தாண்டி ஓர் உணவக வளாகத்துக்குள் காரைத் திருப்பும்போதே வாட்ச்மேன் எதிரே ஓடி வந்து, "சார்ஜுக்கா சார்? இன்னிக்கு லைன் ஆஃப் சார், அஞ்சு மணி ஆகும்" என்றார். அவர்கள் ஜெனரேட்டரில் ஃபேன் ஓடியது, சார்ஜர் ஓடவில்லை. கையில் 24 சதவீதம் இருந்ததால் அடுத்த இடத்துக்குச் சிரமமில்லாமல் போய்விட்டோம்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. 100-ல் போனால் மிச்சமாகும் நேரமெல்லாம் சார்ஜரில் போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 கிலோமீட்டரை 80-ல் கடக்க இரண்டு மணி நேரம், 100-ல் 96 நிமிடம். கூடுதலாகச் செலவாவது ஐந்து யூனிட் சுமாருக்கு, அதை ஏற்றப் பத்து நிமிடம். ஆக, 100-ல் போனால் நேரம் மிச்சம்தான். ஆனால் அந்த ஐந்து யூனிட்தான் மாற்றுச் சார்ஜருக்குப் போவதற்கான 30 கிலோமீட்டர். அதைக் கொடுத்துக் கால் மணி நேரத்தை வாங்க எனக்கு மனம் வருவதில்லை, குடும்பத்தோடு போகும்போது நிச்சயம் இல்லை. ஏசியைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். ஓடும்போது மணிக்கு ஒரு யூனிட் அளவுதான் எடுக்கிறது. வயதானவர்களை வியர்க்க விட்டுச் சேமிக்கிற அளவுக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

பெரிய வித்தியாசம் காட்டுவது காற்று. திருநெல்வேலி தாண்டி நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வந்து முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிறோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று அந்த இடைவெளி வழியாகத்தான் பாய்கிறது, நாம் அதற்கு நேர் எதிரே போகிறோம். 80 வேகத்தில் போகும் காருக்கு எதிரே 30 வேகத்தில் காற்று அடித்தால், காரைப் பொறுத்தவரை அது 110 வேகக் காற்று. எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெல்லையிலிருந்து நாகர்கோவில் வரையுள்ள 80 கிலோமீட்டருக்குத் தை மாதத்தில் 30 சதவீதம் செலவானால், ஆடியில் 40 ஆகிறது. பயணத்துக்கு ஆப் போட்டுத் தரும் சார்ஜிங் திட்டம் இந்தக் காற்றை அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நெல்லையில் கால் மணி நேரம் கூடுதலாக ஒரு நிறுத்தம் சேர்த்துவிடுவோம். ஊரிலிருந்து திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், போட்ட கணக்குக்கு மேலேயே மிஞ்சும்.

கத்தரி வெயிலில் வேறு பிரச்சினை. ஒரே நாளில் மூன்றாவது ஃபாஸ்ட் சார்ஜ், அதுவும் விருதுநகர் மதிய வெயிலில் என்றால், பேட்டரி சூடாகி ஏறும் வேகம் குறைகிறது. பானெட்டுக்குள் ஃபேன் இரைவதை வெளியே நின்றே கேட்கலாம். அந்த மாதங்களில் நள்ளிரவு தாண்டியதும் கிளம்பிவிடுவோம், வெயில் ஏறுவதற்குள் மூன்றாவது சார்ஜ் முடிந்துவிடும். ஆனால் இருட்டில் நிற்கப்போகும் முதல் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 24 மணி நேர ஓட்டலோ பெட்ரோல் பங்க்கோ ஒட்டி இருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், பெண்கள் பயமில்லாமல் போய்வரக் கழிப்பறை வேண்டும். காலி மனையில் தனியாக ஒரு சார்ஜரை நட்டுவைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை ராத்திரி 2 மணிக்கு வயதான அம்மாவோடு வந்து அங்கே நின்று பார்க்க வேண்டும்.

சார்ஜரில் 60 கிலோவாட் (மணிக்கு 60 யூனிட் ஏற்றும் வேகம்) என்று எழுதியிருந்தாலும் இரண்டு கன்னிலும் கார் நின்றால் பல இடங்களில் ஆளுக்கு 30தான். பொங்கல், தீபாவளி நேரத்தில் இதோடு வரிசையும் சேரும். பின்னால் இரண்டு கார் காத்திருக்க, 100 வரை ஏற்றிக்கொண்டு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பது சரியில்லை. 80-லிருந்து 100-க்குப் போகும் நேரத்தில் இன்னொரு குடும்பம் பாதி பேட்டரி ஏற்றிவிடும். போன் நம்பரை எழுதி டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனாலே பாதிச் சண்டை குறைந்துவிடும். பண்டிகைக்கு முந்தைய நாள் பரனூர் டோல்கேட்டில் ஊர்ந்து போவதற்குப் பயப்பட வேண்டாம், ஊர்வதில் இந்தக் காருக்குச் செலவு மிகக் குறைவு. நெடுஞ்சாலைச் சார்ஜர்களில் கூட்டம் என்றால் விழுப்புரம் மாதிரி ஊருக்குள் இருக்கும் கார் ஷோரூம் சார்ஜர்களைப் பாருங்கள். ஷோரூம் பூட்டும் நேரத்தை மட்டும் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

போய்ச் சேரும் வீட்டில் ஒரு 15 ஆம்பியர் பிளக் இருந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். ஆனால் பிளக் இருந்தால் மட்டும் போதாது. ஊரில் அண்ணன் இருக்கும் பழைய வீட்டில் முதல்முறை செருகியபோது, காரோடு வந்த சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டு, "எர்த் குழிக்குத் தண்ணி விட்டு எத்தன வருசமாச்சுண்ணே?" என்று கேட்டார். அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் புதிதாகக் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். அதற்குப் பிறகு பச்சை விளக்குதான். துவைக்கிற தண்ணீர் தானாக அங்கே ஓடுவதால் கோடையிலும் மண் காய்வதில்லை. மணிக்கு 3.3 யூனிட் வரை ஏறும், இரவுச் சாப்பாட்டுக்குப் போட்டால் காலையில் பெரும்பகுதி நிறைந்திருக்கும். தொடர்ந்து ஃபாஸ்ட் சார்ஜே போட்டு வந்த பேட்டரிக்கும் இப்படி மெதுவாக 100 வரை ஏறுவது நல்லது.

சொந்தக்காரர்கள் வீட்டில் சார்ஜ் போட்டால் காசு கொடுத்துவிடுங்கள், அவர்கள் வேண்டாம் என்றாலும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி பில் எகிறிவிடும். நாம் போட்ட 30 யூனிட் யாரையாவது அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடலாம்.

செலவு: வழியில் ஏற்றுவது 70, 75 யூனிட். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து யூனிட் 25 ரூபாய் சுமாருக்கு வந்தால் 1,900-க்குள். வீட்டில் ஏற்றிய கரண்ட் தனி. பெட்ரோல் காரில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வைத்தால்கூட 4,500 ரூபாய். ஒவ்வொரு நிறுவனத்தின் ஆப்பிலும் முன்பணம் போட்டு வைப்பதில் சில நூறுகள் எப்போதும் முடங்கிக் கிடக்கும். இப்போது சில இடங்களில் நேரடியாக யுபிஐயில் கட்ட முடிகிறது, அது எல்லா இடத்துக்கும் வர வேண்டும்.

30 யூனிட் பேட்டரியோ அதற்குக் குறைவோ உள்ள கார் வைத்திருப்பவர்கள் இதே பயணத்துக்கு ஐந்து, ஆறு முறை நிற்க வேண்டிவரும். குழந்தைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு அது வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்களுக்கு எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்தான் நல்லது. அந்தக் காரைத் திருச்சி, பாண்டிச்சேரி வரை தாராளமாக எடுத்துப் போகலாம்.