போர்ட் ஃபோர்வேர்டிங்: வேர்ச்சுவல்பொக்ஸில் நீண்டநாள் பாவனை அனுபவம்

விண்டோஸ் லப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸ் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் உபுண்டு லினக்ஸ் சேவர் ஒன்றை ஏற்றித்தான் என் வெப் வேலைகளைப் பரிசோதிக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டு வைஃபை, திருநெல்வேலியில் வேலை இடத்து வைஃபை, கரண்ட் போனால் போன் ஹொட்ஸ்பொட் என்று இணைப்பு மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்ஜ்ட் என்ற இணைப்பு முறையை விட்டு நாட் (NAT) முறைக்கு வந்ததும் இதனால்தான். பிரிட்ஜ்டில் மெய்நிகர் கணினிக்கும் றவுட்டர்தான் ஐபி கொடுக்கும். இடம் மாறினால் அதுவும் மாறும். நாட் முறையில் மெய்நிகர் கணினி லப்டொப்பின் இணைப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும், எங்கே போனாலும் உள்ளே அதே 10.0.2.15. வெளியிலிருந்து உள்ளே நுழையத்தான் வழியில்லை. லப்டொப்பின் ஒரு போர்ட்டுக்கு (இணைப்பு வாசலின் எண்) வருவதை மெய்நிகர் கணினியின் போர்ட்டுக்கு அனுப்புகிற போர்ட் ஃபோர்வேர்டிங் அந்த வழியைத் திறந்து விடுகிறது.

அமைப்பது சுகம். நெட்வேர்க் அமைப்பில் அதற்கென்று ஒரு அட்டவணை உண்டு. என்னுடையதில் இரண்டே வரி: ஹோஸ்ட் (அதாவது லப்டொப்) போர்ட் 2222 உள்ளே 22க்கு (சேவருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச்), 8080 உள்ளே 80க்கு (வெப் பக்கம்). சேவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வரி சேர்க்கலாம்.

கட்டாயம் கவனிக்க வேண்டியது ஹோஸ்ட் ஐபி என்ற கட்டம். பலர் அதை வெறுமையாக விடுகிறார்கள். வெறுமையாக விட்டால் லப்டொப்பின் எல்லா இணைப்பிலும் அந்தப் போர்ட் திறக்கும். ஃபயர்வோலும் விட்டுவிட்டால், அதே வைஃபையில் இருக்கிற எவரும் உங்கள் எஸ்எஸ்எச் வாசலில் வந்து தட்டலாம். பொது வைஃபை பாவிக்கிறவர்கள் அங்கே 127.0.0.1 (ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி) என்று போடுங்கள். நான் எந்த வரியையும் அது இல்லாமல் விடுவதில்லை.

விதி சரியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லையா? உள்ளே ஓடும் செயலி 127.0.0.1 இல் மட்டும் காது கொடுக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்வேர்ட் ஆகி வருகிற இணைப்பு 10.0.2.15க்குத்தான் வரும், செயலியை 0.0.0.0க்கு (எல்லா முகவரியிலும் கேட்பது) மாற்றினால் திறந்துவிடும். பிங் பண்ணிப் பார்த்து மினக்கெட வேண்டாம், இந்த வழியால் டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகைத் தொடர்பு மட்டுமே போகும், பிங் அவற்றில் சேராது.

குறை என்றால், 127.0.0.1 வழியாக வருகிற எல்லோரும் சேவரின் பதிவேட்டில் (லொக்) 10.0.2.2 ஆகவே தெரிவார்கள், அது நாட் முறையில் லப்டொப்புக்கு உள்ளே இருக்கிற முகவரி. பிழையான கடவுச்சொல்லுக்கு ஐபியைத் தடுக்கிற ஃபெயில்டுபான் போன்றதை உள்ளே ஓட்டினால், ஒருவர் செய்த பிழைக்கு நீங்களும் சேர்ந்து வெளியே நிற்க வேண்டிவரும். 10.0.2.2ஐ விலக்குப் பட்டியலில் முதலே போட்டுவிடுங்கள்.

கனடாவில் இருக்கிற மச்சானுக்குத் தளத்தைக் காட்ட இது போதாது. போன் இணைப்பில் பெரும்பாலும் நமக்கென்று தனிப் பொது ஐபி இருக்காது. வாடகை சேவர் ஒன்றுக்கு உள்ளேயிருந்து எஸ்எஸ்எச் றிவேர்ஸ் டனல் (உள்ளேயிருந்து திறந்து, வெளியாட்கள் திரும்பி உள்ளே வர விடுகிற வழி) போட்டுத்தான் அவருக்குக் காட்டுகிறேன்.